தோளுக்கேற்ற துப்பாக்கி

வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், ராணுவத்தில் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்து, பின்பு கடலூர் முதுநகரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை நடத்தி ஓய்வுபெற்றவர்.

கேள்வி: என் தங்கை மகன் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவன். லியோன் நகருக்கு அருகில் வேலை பார்க்கிறான். அங்கே வேட்டை அனுமதிக்கான தேர்வு எழுதித் தேறிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பால்-ட்ராப் மைதானத்தில் பறக்கும் தட்டுகளைச் சுடவும், குளிர்காலத்தில் ஃபெசன்ட், காட்டுப்புறா வேட்டைக்குப் போகவும் ஒரே துப்பாக்கி வேண்டுமாம். குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த ஓவர்-அண்டர்தான் வாங்குவேன் என்கிறான். நீளமான பட்டியல் ஒன்றை அனுப்பி, 'எதை வாங்கலாம் மாமா?' என்று கேட்கிறான். நான் பிரெஞ்சுப் படையில் இருந்தவன்தான். ஆனால் எனக்கு ரைஃபிள் மட்டுமே தெரியும். என்ன சொல்லட்டும்?
- ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பட்டியலை மடித்து வைக்கச் சொல்லுங்கள் ஐயா. பெரெட்டா, பிரௌனிங், மிரோகு, வெர்னே-காரோன் எல்லாமே நல்ல பெயர்கள்தான். இவற்றில் எதை வாங்கினாலும், ஒழுங்காக வைத்துக்கொண்டால் உங்கள் மருமகன் ஆயுள் முழுவதும் சுடலாம். பெயரைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை.

அவன் முதலில் ஒரு கணக்குப் போடட்டும். தட்டு சுடுவதில் ஒரு சுற்று என்பது 25 தட்டுகள். ஒலிம்பிக் ட்ராப் முறையில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டாக்கள் அனுமதி. காலையில் மூன்று சுற்று சுட்டால் ஏறக்குறைய நூறு தோட்டாக்கள் தீர்ந்துவிடும். வேட்டையிலோ நாள் முழுவதும் வயலும் புதரும் நடந்து, நாய் கிளப்பிவிடும் ஃபெசன்ட்டுக்கு நாலைந்து முறை விசையை அழுத்தக் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆக, அந்தத் துப்பாக்கி அதிகம் சுடப்போவது தட்டுகளை. அதிகம் சுமக்கப்படப்போவது பறவைகளுக்காக. தட்டு சுடுகிறவனுக்குக் கனம் வேண்டும்: பின்னுதைப்பு குறையும், குழலின் வீச்சு தடைபடாமல் ஓடும். நடக்கிறவனுக்கு ஒவ்வொரு நூறு கிராமும் மாலையில் தோளில் தெரியும். ட்ராப் துப்பாக்கி நான்கு கிலோவைத் தொடும். வேட்டைக்கென்றே செய்த பன்னிரண்டு போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். உங்கள் மருமகனுக்கு இடைப்பட்டது, அதாவது 3.3 முதல் 3.5 கிலோ வரை எடையுள்ளது சரியாக இருக்கும். கடைக்காரர்கள் இந்த வகையை ஸ்போர்ட்டர் என்பார்கள்.

ட்ராப் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் வாங்க வேண்டாம். ட்ராப்பில் தட்டு எப்போதும் முன்னால் விலகி, மேலே ஏறிக்கொண்டே போகும். அதனால் அந்தத் துப்பாக்கிகளில் தோளில் பதியும் கட்டையையே உயர்த்தி, குறிவைத்த இடத்துக்குச் சற்று மேலே ரவை (தோட்டாவில் உள்ள சிறு குண்டுகள்) போகும்படி செய்திருப்பார்கள். ஏறும் தட்டுக்கு அது வரம். குறுக்கே மட்டமாகப் பறக்கும் காட்டுப்புறாவுக்கு மேலே காற்றைச் சுட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குழல் நீளம் 28 அங்குலம் அல்லது 30 அங்குலம். ஆள் ஆறடி உயரம் என்றால் 30, நடுத்தரம் என்றால் 28. இதைப் பற்றி மைதானத்தில் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சோக் விஷயம் முக்கியமானது. குழலின் வாயைக் கொஞ்சம் குறுக்கி ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்துவதுதான் சோக். நாற்பது கஜத்தில் முப்பது அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் ஏறக்குறைய 70 சதவீத ரவையை இறக்கும். குறுக்கமே இல்லாத சிலிண்டர் 40 சதவீதம். ஒரே துப்பாக்கி இரண்டு வேலை செய்ய வேண்டும் என்றால், கழற்றி மாட்டும் சோக் உள்ளதாகத்தான் வாங்க வேண்டும். ட்ராப்புக்கு இறுக்கமானவை, நாய்க்கு முன்னால் எழும் ஃபெசன்ட்டுக்குக் கீழ்க்குழலில் கால் சோக், மேல்குழலில் அரை சோக். முதலில் கீழ்க்குழல் சுட வேண்டும். அது தோளுக்கு நேராகத் தள்ளுவதால் துப்பாக்கி துள்ளாது. இரண்டாவது குண்டுக்குக் கண் இடம் மாறாது.

பிரான்சில் இருப்பவன் ஒன்றை மறக்கக் கூடாது. 2023 பிப்ரவரி 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீர்நிலைகளிலும் அவற்றிலிருந்து 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவை சுடக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலும் எஃகு ரவைதான் போட வேண்டியிருக்கும். எஃகு ஈயத்தைப் போல நசுங்கிக் கொடுக்காது. ஃபுல் சோக் வழியாக அதைத் தள்ளினால் குழல் வாயே வீங்கிவிடலாம். ஆகவே எஃகுக்கு அரை சோக்குக்கு மேல் வேண்டாம். குழலில் லில்லிப் பூ முத்திரை இருக்கிறதா என்று பார்க்கட்டும். எஃகு ரவைக்கென்று கூடுதல் அழுத்தத்தில் சோதித்துப் போடும் முத்திரை அது. புதுத் துப்பாக்கிகளில் சாதாரணமாக இருக்கும்; பழையதில் தேட வேண்டும்.

பாதுகாப்புப் பூட்டு இரண்டு வகை. வேட்டைத் துப்பாக்கியில் குழலைத் திறந்து மூடும்போதெல்லாம் பூட்டு தானாக விழுந்துகொள்ளும். நாயும் நண்பர்களும் கூட நடக்கும் இடத்தில் அது நல்ல ஏற்பாடு. தட்டு மைதானத்தில் அது எரிச்சல்: தட்டை எறியச் சொல்லி 'புல்' (pull) என்று குரல் கொடுத்த பிறகு விசை அசையாது, தட்டு போய்விடும். தானாக விழாத வகையை வாங்கி, வேட்டைக்குப் போகும்போது கையால் போடப் பழகுவதே என் யோசனை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரைஃபிளில் குறிபார்க்க முன்னும் பின்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ரவை சுடும் ஷாட்கன்னில் பின் அடையாளம் சுடுகிறவனின் கண்தான். கன்னம் கட்டையில் எந்த இடத்தில் படிகிறதோ அதுதான் குறியைத் தீர்மானிக்கும். கட்டை உயரம் தவறென்றால் உலகத்திலேயே விலை உயர்ந்த துப்பாக்கியும் தவறான இடத்தில்தான் சுடும். கடையில் அவன் செய்ய வேண்டியது இதுதான். துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழல்களும் காலி என்று கண்ணால் பார்க்கட்டும். கண்ணாடி முன் நின்று, கண்களை மூடி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதிக்கட்டும். பிறகு கண்ணைத் திறக்கட்டும். கண்ணாடியில் அவன் கண்மணி, குழலின் மேல் ஓடும் பட்டைக்கு நேர் நடுவில், முனைமணிக்குச் சற்று மேலே தெரிய வேண்டும். பாதி மறைந்தால் கட்டை தாழ்வு. கண்ணுக்குக் கீழே பட்டை முழுவதும் சரிவாகத் தெரிந்தால் கட்டை உயரம். மூக்குக்கும் விசைக்கையின் பெருவிரலுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் நீளமும் சரி. இதைப் பத்துத் துப்பாக்கிகளில் செய்து பார்த்தால், ஒன்றிரண்டு அவனுக்கென்றே செய்தவைபோல ஏறி உட்காரும். அப்போது வேண்டுமானால் பெயரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. ஜூன் மாதம் சட்டையோடு தட்டு சுடுகிறவன் டிசம்பரில் தடித்த கோட்டு போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போவான். கோட்டின் தடிப்பு கட்டையை அவ்வளவு நீளமாக்கிவிடும். ஏற்றும்போது கக்கத்தில் தடுக்கும். கட்டையின் முடிவில் உள்ள ரப்பர் மெத்தையைத் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று என்று இரண்டாக வாங்கி, பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும். நம் ஊர்ப் பக்கம் இந்தத் தொல்லை கிடையாது.

கையில் உள்ள பணத்துக்கு மட்டமான புதுசும், தரமான பழசும் கிடைக்கும் என்றால், தயங்காமல் பழசு. அதையும் பார்த்து வாங்க வேண்டும். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மூடி, பிடியைப் பற்றிக் குலுக்கட்டும். ஆட்டம் தெரிந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. திறக்கும் லீவர் புதிதில் நடுக்கோட்டுக்கு வலப்புறம் நிற்கும். தேயத் தேய இடப்புறம் நகரும். குழலை மட்டும் தனியே விரலில் தொங்கவிட்டுக் கணுவால் தட்டினால் கோயில் மணிபோல ஒலி நீள வேண்டும். மொத்தென்று நின்றால் எங்கோ பட்டையின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தால் நிழல் வளையங்கள் வட்டமாகத் தெரியும். ஒரு வளையம் நெளிந்திருந்தால் அந்த இடத்தில் சப்பை விழுந்திருக்கிறது என்று பொருள். பக்கத் தகட்டில் நாயும் வாத்தும் செதுக்கியிருக்கும் அழகைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள் இந்த நாலு சோதனையையும் செய்வதில்லை. எங்கள் பட்டறைக்கு வேலை வந்ததே அவர்களால்தான்.

கேள்வி: போட்டிகளில் எல்லோரும் ஓவர்-அண்டர்தான் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பார்க்கும் பக்கவாட்டு இரட்டைக்குழல் என்ன குற்றம் செய்தது?
- ஒரு கல்லூரி மாணவர், சிதம்பரம்

பதில்: ஒரு குற்றமும் செய்யவில்லை தம்பி. பக்கவாட்டில் இரண்டு குழல்கள் இருந்தால் கண்ணுக்கு முன்னால் அகலமான இரும்புத் தகடு கிடக்கும். மேலும் கீழுமாக இருந்தால் ஒரு குழலின் அகலம்தான் தெரியும், தட்டு மறையாது. ட்ராப்பில் சுடுகிறவர் தட்டு கிளம்பும் இடத்துக்குப் பதினைந்து மீட்டர் பின்னால் நிற்கிறார். தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர். அது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் விலகி ஓடுகிறது. இந்த நிலையில் பார்வை எவ்வளவு குறுகலாகவும் தெளிவாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இந்த அமைப்பை எல்லோருக்கும் எட்டும்படி செய்தவர் அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங். 1926இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், வேலை செய்துகொண்டிருந்த தொழிற்சாலையிலேயே இறந்தார். அவர் கடைசியாக வடிவமைத்த ஓவர்-அண்டர் 1931இல்தான் விற்பனைக்கு வந்தது. சுடும் தட்டை ஆங்கிலத்தில் 'களிமண் புறா' (clay pigeon) என்பார்கள்; ஆனால் அதில் களிமண்ணே கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் தூளையும் தார் போன்ற கீலையும் கலந்து வார்ப்பது.

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்ஸ் துப்பாக்கி உண்டு. தோப்பில் கௌதாரி, காடை நிறைய. லைசென்ஸ் இருப்பதால் இரண்டொன்று சுட்டுக்கொள்ளலாம்தானே? நல்ல ஓவர்-அண்டர் ஒன்றும் வாங்கலாம் என்று நினைக்கிறேன்.
- ஒரு விவசாயி, பண்ருட்டி

பதில்: கூடாது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் தருவது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். பறவையைக் காப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முன்னது கையில் இருப்பதால் பின்னது விலகி நிற்காது. கௌதாரி, காடை, கொக்கு, உள்ளான், ஊசுடு ஏரிக்கு வரும் வாத்துகள், எதுவானாலும் சரி. உங்கள் சொந்தத் தோப்பு என்பதும் கணக்கில் வராது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில்போல முதல் அட்டவணையில் உள்ளவை என்றால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டுகள். கைப்பற்றப்படும் துப்பாக்கியும் வண்டியும் அரசுக்குச் சொந்தமாகும். தாத்தாவின் துப்பாக்கியை இரண்டு காடைக்காகவா இழப்பீர்கள்? பண்ணைக் காடை கடையில் கிடைக்கிறது. அதில் ரவையும் பல்லில் கடிபடாது.

புதிய துப்பாக்கி ஆசை வேறு விஷயம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிகள்வரைதான் இருக்கலாம், முன்பு மூன்று. பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய லைசென்ஸை நீட்டி விளையாட்டுத் துப்பாக்கி வாங்க முடியாது. தட்டு சுடும் ஆசை உண்மையிலேயே இருந்தால் முதலில் ஒரு ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினேழு வயது. ஒல்லியான உடல்வாகு. பள்ளியில் ஏர் ரைஃபிள் சுட்டவள், இப்போது ட்ராப் சுட வேண்டும் என்கிறாள். பிறந்தநாளுக்கு நல்ல ஷாட்கன் வாங்கிக் கொடுக்கலாமா? லேசான துப்பாக்கியாக இருந்தால் அவளுக்கு வசதியாக இருக்குமா?
- ஒரு தாய், நெய்வேலி

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில் அம்மா. சொந்தமாக லைசென்ஸ் பெற 21 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் கிளப்பில் பயிற்சியாளரின் மேற்பார்வையில் சுடச் சட்டம் இடம் தருகிறது. அதுவும் நல்லதற்குத்தான். கிளப் துப்பாக்கியில் ஓராண்டு சுட்ட பிறகு தனக்கு என்ன வேண்டும் என்பதை அவளே சொல்லுவாள். வெளிநாட்டு ஓவர்-அண்டரை நினைத்தவுடன் வரவழைக்கவும் முடியாது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் பரிந்துரையோடு விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் கிடைக்கும் இறக்குமதி அனுமதி தேவை. அந்தத் தகுதியை அவள் போட்டிகளில் மதிப்பெண் எடுத்துத்தான் பெற வேண்டும்.

லேசான துப்பாக்கி மெலிந்தவர்களுக்கு நல்லது என்பது பலருக்கும் இருக்கும் எண்ணம். நடந்து சுமப்பதற்கு அது சரி. ஒரே தோட்டாவை இலேசான துப்பாக்கியில் சுட்டால் தோளில் விழும் அடிதான் அதிகம். பத்துத் தோட்டாவுக்குள் கண்ணை மூடிக்கொண்டு விசையைப் பிடுங்கும் பழக்கம் வந்துவிடும். அதைப் போக்குவது மிகக் கடினம். கொஞ்சம் கனமான துப்பாக்கி, கட்டை மட்டும் அவள் கை நீளத்துக்குக் குறைத்தது, போட்டிகளில் போடும் 24 கிராம் ரவைத் தோட்டா. இதுதான் சரியான ஆரம்பம். வேட்டைக்காரர்கள் போடும் 36 கிராம் தோட்டாவை யாராவது கொடுத்தால் வாங்கக் கூடாது.

இன்று வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்களும் திறந்திருக்க, தூரத்து விளக்கை விரலால் சுட்டட்டும். பிறகு இடக்கண்ணை மூடட்டும். விரல் விளக்கின் மேலேயே நின்றால் வலக்கண் ஆள்கிறது. விரல் சட்டென்று ஒதுங்கினால் இடக்கண் ஆள்கிறது. வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆட்சியும் உள்ளவர்கள் ஏர் ரைஃபிளில் ஒரு கண்ணை மறைத்துச் சமாளித்துவிடலாம். ஷாட்கன்னை இரண்டு கண்களையும் திறந்துதான் சுட வேண்டும். அப்படி இருந்தால் முதல் நாளிலிருந்தே இடத்தோளில் பழக்குங்கள்; முடியாவிட்டால் சுடும்போது அணியும் மூக்குக்கண்ணாடியின் இடப்பக்கத்தில் சிறு துண்டு டேப் ஒட்டுவார்கள்.

புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய ட்ராப் அணி தங்கம் வென்றபோது அதில் அவரும் ஒருவர். ஆகவே இது வடநாட்டு மகாராஜாக்களின் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று உறவினர்கள் சொன்னால் மகள் மனம் தளர வேண்டாம். செலவைப் பற்றி அவர்கள் சொன்னால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டாவுக்கு ஆகும் பணம் சில ஆண்டுகளில் துப்பாக்கியின் விலையைத் தாண்டிவிடும்.

கேள்வி: ஷாட்கன் ரவை சிதறிப் போகும் என்பதால் குறி பார்க்கவே தேவையில்லை என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
- ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அவரை மைதானத்துக்கு அழைத்துப் போய் 25 தட்டுகள் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாட்டனார் வாங்கிய சேன்ட்-எட்டியென் நகரத்து இரட்டைக்குழல் ஒன்று அப்பாவின் பெயரில் இருக்கிறது. 16 போர். அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இதை என் பெயருக்கு மாற்றி, இதிலேயே தட்டு சுடப் பழகலாமா?
- ஒரு வாசகர், உருளையன்பேட்டை, புதுச்சேரி

பதில்: பெயர் மாற்றலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமையாளருக்கு எழுபது வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்பா நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். காலம் கடந்த பிறகு என்றால், துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு அலைய வேண்டியிருக்கும்.

தட்டு சுடுவதற்கு இது வேண்டாம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பதினாறு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம்தான் 16 போர். பன்னிரண்டு போரைவிடச் சிறியது. ஒரு காலத்தில் பிரான்சில் மிகவும் விரும்பப்பட்ட அளவு. இங்கே பன்னிரண்டு போர்த் தோட்டா கிடைப்பதுபோல் இதற்குக் கிடைக்காது. கிடைத்தாலும், அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இன்றைய 70 மில்லிமீட்டர்த் தோட்டா உள்ளே போய் உட்கார்ந்துவிடும், வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறும். உள்ளே போகிறது என்பதாலேயே பொருந்துகிறது என்று நினைக்கக் கூடாது. இதேபோல இன்னொரு ஆபத்தும் உண்டு: 20 போர்த் தோட்டா பன்னிரண்டு போர்க் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நிற்கும். சுடவில்லையே என்று பின்னால் இன்னொன்று போட்டால் குழல் வெடித்து இடக்கை போகும். 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான்.

குழலின் அடியில் உள்ள சோதனை முத்திரைகளை ஒரு நல்ல ஆர்மரரிடம் காட்டுங்கள். அவர் பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை ஒரு தோட்டாகூடப் போட வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரம். எண்ணெய் போட்டு, தோல் உறையில் பத்திரமாக வைத்தும் துப்பாக்கியில் துரு பிடிக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அந்த உறைதான் காரணம். தோலும் துணியும் உப்புக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்டிவைத்திருக்கும். உறை துப்பாக்கியைத் தூக்கிச் செல்வதற்கு மட்டும். வீட்டில் பூட்டிய இரும்பு அலமாரியில், உறையில்லாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். எண்ணெயை அதிகம் ஊற்றியிருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். துணியால் தடவி, கையில் லேசாகப் பிசுபிசுத்தால் போதும். அதிகமானது வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை ஊறவைத்துவிடும். அதனால்தான் குழல்வாய் கீழே பார்க்கும்படி நிறுத்தி வைக்கச் சொல்கிறோம். சோக் கழற்றக் கூடியது என்றால் மாதம் ஒருமுறை கழற்றி, மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். விட்டுவிட்டால் உப்பு பிடித்து இறுகிவிடும். பிறகு குழலையே கெடுக்காமல் எடுக்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். விரல் ரேகையிலும் உப்பு உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கையில் வாங்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள். மரியாதைக்காகக் கொடுத்தாலும், அவர்கள் போன கையோடு துடைத்துவிடுங்கள். தேர்தல் வந்து துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது குழலின் உள்ளும் புறமும் கெட்டியான கிரீஸ் பூசிக் கொடுங்கள், ரசீதில் துப்பாக்கி எண்ணைச் சரிபாருங்கள். திரும்ப வந்தவுடன், அடுத்த தோட்டா போடுவதற்கு முன், குழலுக்குள் அந்த கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும்.